திருவமுதின் அளவு: நாழியும் கிலோவும்

நாஞ்சில் நாட்டு இல்லங்களில் மங்கல நிகழ்ச்சி எதுவாயினும், குத்துவிளக்கின் அருகில் நிறைநாழி வைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். வாய்க்கு மேல் கூம்பி நிற்குமாறு நெல்லோ அரிசியோ நிரப்பப்பெற்ற அந்த நாழி, இல்லத்தில் குறைவு நேரக்கூடாது என்னும் வேண்டுதலின் வடிவமாகும். மலையாள முறைப்படி பூசை நடைபெறும் திருக்கோயில்களில், விழாக்காலத்தில் இறைவன் திருமுன் பறை நிறைத்து வழிபடுவோரும் உளர். களத்து மேட்டில் நெல் அளக்கத் தொடங்கும் பெரியவர்கள் முதல் படியை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்றே எண்ணினார்கள். அளக்கும் கருவியை வெறும் பாத்திரமாகக் கருதாமல் தெய்வத்தன்மை உடையதாக மதித்த மரபு இது.

அந்த மரபில் வந்த குடும்பங்களை இன்று ஓர் ஐயம் வருத்துகிறது. முன்னோர் ஒருவர், பிள்ளைப்பேற்றுக்காகவோ நோய் தீர்ந்ததற்காகவோ, 'ஆண்டுதோறும் அம்மனுக்கு நாழி அரிசிப் பாயசம்' என்று நேர்ந்திருப்பார். அவர் காலத்தில் அந்த நாழி அடுக்களையிலேயே இருந்தது. இன்று அது பரணில் கிடக்கிறது, அல்லது பாகப்பிரிவினையில் வேறு வீட்டுக்குச் சென்றுவிட்டது. அரிசியோ கடையில் கிலோக் கணக்கில் வருகிறது. 'நாழி என்றால் எத்தனை கிராம்?' என்று கேட்டால், ஒருவர் கால் கிலோ என்பார். மற்றொருவர் ஒரு கிலோவுக்கும் மேல் என்பார். நேர்ந்ததில் குறைவு வந்துவிடுமோ என்னும் அச்சத்தில், இருவருள் யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் அந்தக் குடும்பம் திகைக்கிறது.

வியப்பு என்னவெனில், அந்த இருவர் சொல்வதற்கும் அடிப்படை உண்டு.

இரண்டு கணக்குகளின் எல்லையில்

தமிழ் வாய்பாட்டின்படி, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி கொண்டது குறுணி. அதனையே மரக்கால் என்றும் வழங்குவர். பிற்காலத்தில் நாழி என்ற சொல்லும் படி என்ற சொல்லும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்கலாயின. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தில் புழங்கிய பட்டணம் படி ஒன்றரை லிட்டருக்கும் மேல் கொள்வது. நாழியும் படியும் ஒன்றே எனக் கொண்டு இந்தப் படியால் அளந்தால், ஒரு நாழி அரிசி ஒரு கிலோவைக் கடந்துவிடும்.

மலையாள வழக்கோ வேறு. அங்கே நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. இடங்கழியில் காற்பங்கான அந்த நாழி, ஏறத்தாழக் கால் கிலோ அரிசியே கொள்ளும்.

நாஞ்சில் நாடு இந்த இரண்டு வழக்குகளும் சந்திக்கும் நிலம். திருவிதாங்கூர் அரசின் கீழ் நெடுங்காலம் இருந்து, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகி, 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்த பகுதி இது. இங்கே வயலை மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று சொல்வார்கள். இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்பது இப்பகுதியின் கணக்கு. அதே ஊரில் கோயில் வழிபாட்டுக்கு இடங்கழியும் பறையும் பேசப்படும். ஆகவே, பழைய நேர்ச்சையில் 'நாழி' என்ற சொல் மட்டும் இருந்தால், அது எந்த நாழி என்பதை அறியாமல் கிராமாக மாற்றுவது பொருந்தாது. நான்கு மடங்குக்கும் மேலான வேறுபாடு அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

அளவைக்குப் பெயர் இட்ட மன்னன்

இந்த இடர்ப்பாட்டைப் பழங்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். நாஞ்சில் நாட்டையும் தன் ஆட்சிக்குள் கொண்டிருந்த முதலாம் ராஜராஜ சோழன், தஞ்சையில் எடுத்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. அங்கே நெல் அளந்த செய்தி வருமிடத்தில், 'இத்தனை கலம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ராஜகேசரி என்னும் அளவோடு ஒத்த, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது என்று அளவையின் பெயரும் சேர்த்தே பொறிக்கப்பட்டுள்ளது. பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். மணிகளை நிறுத்த கல்லுக்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்று பெயர். ஆடவல்லான் என்பது கூத்தப்பிரானின் திருநாமம். நெல்லை முகந்த மரக்காலிலும் பொன்னை நிறுத்த கல்லிலும் இறைவன் திருப்பெயரே விளங்கிற்று. இறைவன் பெயரால் அளக்கும்போது குறைத்து அளக்க யாருக்குக் கை வரும்?

பெயர் இட்டதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சந்திர சூரியர் உள்ளவரை நடக்க வேண்டிய அறக்கட்டளை அது. நூறு ஆண்டுகள் கழித்து வருபவர் சிறிய மரக்காலைக் கொண்டு அளந்துவிட்டு, 'எழுதியபடியே கொடுத்தோம்' என்று சொல்லிவிடக் கூடாது. அளவையின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் அந்த வழி அடைபடும்.

நெல்லை அரிசியாக்கும் கணக்கும் கல்வெட்டுகளில் உண்டு. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது அவற்றில் காணப்படும் ஒரு விகிதம். நன்கு குத்தித் தீட்டிய அரிசியே திருவமுதுக்கு உரியது என்பதால், உமியும் தவிடும் நொய்யும் கழிந்தபின் எஞ்சுவது இவ்வளவு என்று முன்னதாகவே வரையறுத்து வைத்தனர். ஒரு பொருள் மற்றொரு வடிவம் கொள்ளும்போது அளவு மாறும் என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

திருவமுதுக்கான பண்டங்களைக் குறித்த முறையும் கருதத்தக்கது. அரிசி நாழியாகவும் குறுணியாகவும், நெய் ஆழாக்காகவும் உழக்காகவும், தயிர் நாழியாகவும் உரியாகவும் குறிக்கப்பட்டன. சர்க்கரையும் புளியும் பலக் கணக்கில் நிறுக்கப்பட்டன. பாக்கும் வெற்றிலையும் எண்ணித் தரப்பட்டன. ஒழுகும் பொருளையும் உதிரும் பொருளையும் முகந்து அளப்பது, கட்டியாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதை நிறுப்பது, தனித்தனியாக நிற்பதை எண்ணுவது என்று பொருளின் இயல்புக்கேற்ப அளவையைத் தேர்ந்தனர்.

நெல்மணி சொல்லும் செய்தி

தமிழ் வாய்பாட்டில் செவிடு என்பதற்கு 360 நெல் என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி ஆழாக்கு 1,800 நெல். நாழி 14,400 நெல். சன்ன ரக நெல்லில் ஆயிரம் மணிகள் 15 அல்லது 16 கிராம் இருக்கும். மோட்டா ரகத்தில் 25 கிராம் வரை இருக்கும். பெருக்கிப் பார்த்தால், நாழி நெல்லின் எடை சுமார் 220 கிராம் முதல் 360 கிராம் வரை வருகிறது. உமியோடு கூடிய நெல் இடத்தை மிகுதியாக அடைக்கும் என்பதால், இந்த நெல்லைக் கொள்ளும் பாத்திரம் அரை லிட்டரை ஒட்டியதாக அமையும்.

ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட பட்டணம் படி எங்கே, அரை லிட்டரை ஒட்டிய இந்த நாழி எங்கே! வாய்பாடு மாறவில்லை, பெயரும் மாறவில்லை. பாத்திரம் மட்டும் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியிருக்கிறது. ஆகவே வாய்பாட்டை மனப்பாடமாக அறிந்தவரும், பாத்திரத்தைக் கண்ணால் காணாமல் அளவைத் துணிந்து சொல்ல முடியாது.

முகத்தல் வேறு, நிறுத்தல் வேறு

பாத்திரம் கிடைத்துவிட்டாலும் ஒரு செய்தியை மறத்தல் ஆகாது. நாழி அளப்பது பொருள் அடைக்கும் இடத்தை. தராசு அளப்பது பொருளின் எடையை. ஒரே பாத்திரம் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒவ்வோர் எடை காட்டும். 200 மில்லி லிட்டர் கொள்ளும் தம்ளர் ஒன்றைத் தலைதட்டி அளந்தால், ஏறத்தாழ வரும் எடைகள் இவை:

தண்ணீர் – 200 கிராம்
பால் – 206 கிராம்
தேன் – 280 கிராம்
உருக்கிய நெய் – 182 கிராம்
தேங்காய் எண்ணெய் – 184 கிராம்
பச்சரிசி – 165 கிராம்
சிறுபயற்றம்பருப்பு – 165 கிராம்
சீனி – 170 கிராம்
பொடித்த வெல்லம் – 140 கிராம்
சலித்த அரிசிமாவு – 110 கிராம்
தேங்காய்த் துருவல் – 70 கிராம்

தேனுக்கும் தேங்காய்த் துருவலுக்கும் இடையே நான்கு மடங்கு வேறுபாடு இருப்பதைக் காணலாம். மாவும் துருவலும் அழுத்தி நிரப்பினால் எடை கூடும்; தளர்வாக இட்டால் குறையும். புதிய அரிசி, பழைய அரிசி, சன்னம், மோட்டா என்பவற்றாலும் சிறு மாற்றம் நேரும். எனவே இவற்றை வழிகாட்டும் எண்களாக மட்டும் கொள்ள வேண்டும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பழைய குறிப்புகளில் 'சர்க்கரை' என்று எழுதியிருந்தால் அது வெல்லத்தையே குறிக்கும். வெள்ளைச் சர்க்கரைக்கு இப்பகுதியில் சீனி என்று பெயர். குறிப்பைப் படிக்கும் இளையோர் சர்க்கரை என்பதைச் சீனியாகக் கொண்டால், எடை மட்டுமன்றிப் பாயசத்தின் நிறமும் மணமும் மாறிவிடும்.

முகத்தல் கணக்கை நிறுத்தல் கணக்காக எண்ணிவிடுவதால் எவ்வளவு பிழை நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 300 மில்லி லிட்டர் கொள்ளும் நாழியால், ஒரு நாழி பச்சரிசிக்கு இரண்டு நாழி பொடித்த வெல்லம் என்று ஒரு குடும்பத்தின் குறிப்பு இருப்பதாகக் கொள்வோர், அரிசி 250 கிராம் என்று நிறுத்தபின், 'வெல்லம் இரண்டு பங்கு' என 500 கிராம் எடுத்துவிடுவது இயல்பு. உண்மையில் இரண்டு நாழி வெல்லம் 420 கிராம் மட்டுமே. 80 கிராம் மிகுதி. அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பத்து நாழி அரிசியில் செய்யும்போது இதுவே 800 கிராமாகப் பெருகும். தண்ணீரிலும் அப்படியே. ஒரு நாழி அரிசிக்கு மூன்று நாழி தண்ணீர் என்றால் 900 மில்லி லிட்டர் ஊற்ற வேண்டும். 250 கிராமின் மூன்று மடங்கு என்று 750 மில்லி லிட்டர் ஊற்றினால், தண்ணீர் குறைந்துவிடும்.

தலைதட்டிய நாழியும் கூம்பிய நாழியும்

நிறைநாழி கூம்பி நிற்கும். கடைக்காரர் படி தலைதட்டி நிற்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. வாயகலமும் உயரமும் சமமாக உள்ள நாழியில் கூம்பின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. உயரம் வாயகலத்தில் பாதியாக உள்ள அகன்ற பாத்திரத்தில் அது ஐந்தில் ஒன்றாகிவிடும். ஆதலால், வழிபாட்டுக்கு நாழியைக் கூம்ப நிறைத்து அளப்பது குடும்ப வழக்கமாயின், கிலோவாக மாற்றும்போதும் கூம்ப நிறைத்தே நிறுக்க வேண்டும். கூம்பாக நேர்ந்ததைத் தலைதட்டிக் கொடுத்தால், அந்தப் பத்தில் ஒரு பங்கு இறைவனுக்குச் சேர வேண்டியது இல்லத்திலேயே தங்கிவிடும்.

அன்பர்கள் செய்யத்தக்கது

முதலாவதாக, நேர்ச்சை எந்தப் பாத்திரத்தால் அளக்கப்பட்டு வந்ததோ அதனைத் தேடி எடுக்க வேண்டும். வீட்டில் இல்லையெனில், பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீடுகளில் விசாரிக்கலாம். முத்திரை குத்திய பித்தளை நாழியோ இரும்பு நாழியோ எங்கேனும் ஒரு வீட்டில் இருக்கவே கூடும்.

இரண்டாவதாக, அந்தப் பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று அறிய வேண்டும். வெற்றுப் பாத்திரத்தை எடைத் தராசில் வைத்து நிறுத்து, பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை கிராமோ, பாத்திரத்தின் கொள்ளளவும் அத்தனை மில்லி லிட்டர். ஒழுகும் பழைய நாழியாயின் தண்ணீருக்குப் பதில் அரிசியால் நிரப்பி, அந்த அரிசியை அளவு குறித்த வேறொரு கலத்தில் கொட்டிப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, நேர்ச்சைக்குரிய ஒவ்வொரு பண்டத்தையும் அதே பாத்திரத்தால், வீட்டு வழக்கப்படி ஒரு முறை அளந்து நிறுக்க வேண்டும். அரிசியின் எடையை வைத்து வெல்லத்தின் எடையைக் கணக்கிடக் கூடாது. பலக் கணக்கில் குறித்திருந்தால், சென்னை மாகாண வழக்கில் ஒரு பலம் மூன்று தோலா. அதாவது ஏறத்தாழ 35 கிராம். நாற்பது பலம் கொண்ட வீசை ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். பலமும் இடத்துக்கு இடம் வேறுபட்டதாகையால், பழைய எடைக்கல் கிடைத்தால் அதனையே தராசில் வைத்துப் பார்ப்பது நன்று.

நான்காவதாக, கிடைத்த எண்களைப் பூசை அறைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். 'நாழி அரிசி 250 கிராம்' என்று மட்டும் எழுதாமல், 'இன்னார் வீட்டுப் பித்தளை நாழி, 300 மில்லி லிட்டர், தலைதட்டியது, பச்சரிசி 250 கிராம்' என்று முழுமையாக எழுதுதல் வேண்டும். ராஜராஜன் கல்லில் ஆடவல்லானைப் பொறித்த நோக்கம் இதுவே. அடுத்த தலைமுறை அமெரிக்காவில் இருந்தாலும் அரபு நாட்டில் இருந்தாலும், அந்த வரியைக் கொண்டு நேர்ச்சையைக் குறைவின்றி நிறைவேற்றலாம்.

பாத்திரம் எங்கும் கிடைக்கவில்லை எனில், நேர்ச்சை எந்தக் கோயிலுக்கு உரியதோ அந்தக் கோயிலின் மேல்சாந்தியிடமோ போற்றியிடமோ கேட்டு, அங்கே பாயசத்துக்கு வழங்கிவரும் அளவை ஏற்றுக்கொள்வதே முறை. தெய்வத்தின் மடப்பள்ளி எந்த நாழியை அறியுமோ அந்த நாழியே அந்த நேர்ச்சைக்கு உரிய நாழி. அப்போதும் ஐயம் நீங்காவிட்டால், இரண்டு அளவுகளில் பெரியதைக் கொள்வதால் எந்தக் குறையும் வாராது. மிகுந்த பாயசம் வீணாவதில்லை. கோயில் வாசலில் கை நீட்டும் ஒரு குழந்தைக்கு அது போய்ச் சேரும்.

குறையாத நாழி

இறைவன் கிராம் கணக்குப் பார்த்து அருள்பவன் அல்லன் என்று சிலர் சொல்வர். அது உண்மையே. ஓர் இலைத் துளசியும் ஒரு கை நீரும் அவனுக்குப் போதும். ஆயினும் நேர்ச்சை என்பது அடியவர் தாமே மனமுவந்து சொன்ன சொல். நாழி என்று சொன்னவர் நாழி கொடுத்தல் கடன். அதனை அறியாமையால் குறைப்பதும், அஞ்சி அஞ்சி ஆண்டுதோறும் மனம் வருந்துவதும் இரண்டும் வேண்டாதவை. ஒரு நாள் முற்பகலில் தராசும் நாழியும் எடுத்து அமர்ந்தால் தீர்ந்துவிடும் ஐயம் இது.

மேலும், திருவமுது இறைவன் திருமுன் படைக்கப்பட்டபின் அடியார்க்கே மீள்கிறது. நேர்ந்த முன்னோர் நாழி என்று சொன்னபோது, அந்தப் பாயசம் எத்தனை பேருக்கு வழங்கப்படும் என்பதும் அவர் உள்ளத்தில் இருந்திருக்கும். அளவு குறைந்தால் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கே முதலில் குறையும்.

ஆடி மாதத்தில் நாஞ்சில் நாட்டுத் திருக்கோயில்களில் நிறைபுத்தரிசி வழிபாடு நடைபெறும். புதிய நெற்கதிர்கள் திருமுன் வைக்கப்பெற்று, பூசைக்குப்பின் அன்பர்களுக்கு வழங்கப்படும். அக்கதிரை இல்லத்துக்குக் கொண்டுவந்து கட்டும் நாள், பரணில் உள்ள நாழியை இறக்கித் துலக்கி, அளந்து, எழுதி வைக்கத் தகுந்த நாள். அன்று அந்த நாழியை அரிசியால் நிறைத்து விளக்கின் முன் வைத்து, வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, இது எத்தனை கிராம் கொள்ளும் என்பதையும் யாருக்காக நேர்ந்தது என்பதையும் சொல்லிக் கொடுத்தால், குடும்பத்தின் நேர்ச்சை தலைமுறை தோறும் குறைவின்றி நடைபெறும். அம்மன் அருளால் எல்லோர் இல்லத்து நாழியும் நிறைந்திருப்பதாக!